புல்லுக்கும் உண்டு ஊறுகாய்!

ஐஸ்லாந்திலிருந்து திரும்பி வந்ததும் என் அத்தை என்னைக் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குளிர் தேசத்தில் சாப்பாட்டுக்கு என்னடா செய்தாய்?" என்பதுதான்.

"என் சாப்பாடு கிடக்கட்டும், அத்தை. அங்கே குதிரைகள் என்ன சாப்பிடுகின்றன என்று தெரிந்து கொண்டு வந்திருக்கிறேன்" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை பணத்தைச் செலவழித்துக் கொண்டு, குதிரை புல் தின்பதைப் பார்க்கவா போனாய்? அதை மெரீனாக் கடற்கரையில் காசில்லாமல் பார்க்கலாமே!"

ஆனால் நான் சொல்லச் சொல்ல, அத்தை கையிலிருந்த மாவடு ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தாள். முடிவில், "இதைப் பத்திரிகையில் எழுது. ஊறுகாய் போடுகிறவர்களுக்கெல்லாம் இது நன்றாகப் புரியும்" என்று உத்தரவும் போட்டாள். அத்தையின் உத்தரவை மீறி எனக்குப் பழக்கமில்லை. ஆகையால், வாசகர்களே, நீங்களும் கேளுங்கள்.

வெள்ளை உருண்டைகள்

ஐஸ்லாந்தின் தலைநகரமான ரேய்க்யவிக்கிலிருந்து மோட்டாரில் புறப்பட்டு வடக்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் ஸ்காகாஃபியோர்துர் என்ற பிரதேசம் வருகிறது. பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மூன்று நாள் அங்கே தங்கியும் அது என் வாயில் சரியாக நுழையவில்லை. கடல் ஒரு நீண்ட கையை நிலத்துக்குள் நீட்டியிருக்கிறது. அதன் கரையிலிருந்து உள்நாட்டை நோக்கி அகலமான பள்ளத்தாக்கு ஒன்று விரிகிறது. இரண்டு பக்கமும் மலைகள். மரம் என்று சொல்ல அதிகம் கிடையாது. எங்கே பார்த்தாலும் புல், புல், புல்தான்!

அந்தப் பசும்புல் வெளிகளில், சாலையின் இரு புறத்திலும், வெள்ளை வெளேரென்று ஏதோ உருண்டைகள் கிடந்தன. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கில்! ஒவ்வொன்றும் என் மார்பு உயரம் இருக்கும். சில வயல்களில் சிதறிக் கிடந்தன. சில வீடுகளின் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நடு நடுவே ரோஜா நிறத்தில் சில உருண்டைகளும் தென்பட்டன.

"இவை என்ன, ஐயா?" என்று வண்டி ஓட்டி வந்த வாலிபரைக் கேட்டேன்.

"பூதங்கள் இட்ட முட்டை!" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இப்படி ஏதாவது சொல்லி வைப்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை, நான் தங்கப் போன பண்ணை வீட்டின் அம்மாளிடம் பூத முட்டையைப் பற்றி விசாரித்தேன். அறுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அது எங்கள் குதிரைகளின் மழைக்காலமும் பனிக்காலமும்" என்றாள். புரியாமல் விழித்தேன். "வாருங்கள், காட்டுகிறேன்" என்று எழுந்தாள்.

வெளியே போனால் வீடு திரும்ப முடியாது

லாயத்துக்குள் போவதற்கு முன்னால், அந்தக் குதிரைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஐஸ்லாந்துக் குதிரை உயரம் குறைந்தது. தோள் வரை அளந்தால் சுமார் 140 சென்டிமீட்டர்தான். அதைப் பார்த்து, "அடடா, மட்டக் குதிரை!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வரும் கோபத்தைத் தாங்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நார்வேப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள் கப்பலில் ஏற்றி வந்த குதிரைகளின் வம்சம் இது. சாலையும் பாலமும் இல்லாத காலத்தில் கல்யாணத்துக்குப் போனாலும் சவ ஊர்வலத்துக்குப் போனாலும் குதிரை மேல்தான் போக வேண்டும். இன்றைக்கும் ஐந்தாறு மனிதருக்கு ஒரு குதிரை என்ற கணக்கில் அந்தத் தேசத்தில் குதிரைகள் இருக்கின்றன.

வெளிநாட்டுக் குதிரை எதையும் ஐஸ்லாந்துக்குள் விடுவதில்லை. அது மட்டுமா? அங்கே பிறந்த குதிரை ஒரு தடவை வெளிநாடு போய்விட்டால், பந்தயத்தில் தங்கப் பதக்கமே வாங்கினாலும், திரும்பப் பிறந்த மண்ணில் கால் வைக்க முடியாது. சட்டம் அப்படி! வெளியிலுள்ள நோய்களை எதிர்க்கும் சக்தி அவற்றுக்கு இல்லையே என்ற பயந்தான் காரணம். நம்மைப் போன்ற பிரயாணிகளும் உபயோகித்த சேணம், கடிவாளம், தோல் கையுறை இவற்றைக் கொண்டு போகக் கூடாது.

பயம் வீண் பயமல்ல. 2010-ஆம் ஆண்டு எப்படியோ ஒரு தொற்று நுழைந்து, தேசத்துக் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இருமல் வந்துவிட்டது. குதிரை ஏற்றுமதி நின்றது. இதே ஸ்காகாஃபியோர்துரில் அந்தக் கோடையில் நடக்கவிருந்த தேசியக் குதிரைத் திருவிழாவை 2011-க்குத் தள்ளி வைத்தார்கள். குதிரையின் இருமல் அந்த நாட்டில் ஒரு தேசியச் சமாச்சாரம் என்பதை இதிலிருந்தே தெரிந்து கொள்ளலாம்.

இருமலை ஏன் குறிப்பிட்டேன் என்றால், வெள்ளை உருண்டையின் கதையே இருமலில்தான் ஆரம்பிக்கிறது.

வெயிலுக்கு ஏங்கும் நாடு

நம் ஊரில் வைக்கோல் என்றால் நெல்லை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் தாள். மேல்நாட்டில் குதிரைக்குப் போடும் உலர்புல் அப்படியல்ல. கதிர் விடும் பருவத்தில் நல்ல சத்துள்ள புல்லாகவே அறுத்து, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைத்து, மாரிக் காலத்துக்கென்று சேர்த்து வைப்பது. நாம் வற்றல் வடாம் போடுவது போலத்தான்.

வற்றல் போட வேண்டுமானால் வெயில் வேண்டும் அல்லவா? அதுதான் ஐஸ்லாந்தில் கிடைக்காத சரக்கு. கோடையில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. காலையில் வானம் வெளுக்கும், மத்தியான்னம் தூறல், மாலையில் கடற்காற்று. புல் நன்றாகக் காய மூன்று நாலு நாள் தொடர்ந்து மழையில்லாமல் இருக்க வேண்டும். அந்த நாலு நாள் கிடைக்காமல் போன கோடைகளைப் பற்றி அங்கே கிழவர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

புல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1783-ஆம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி தெற்கே லாகி என்ற இடத்தில் பூமி பிளந்து எரிமலை கக்க ஆரம்பித்தது. எட்டு மாதம் ஓயவில்லை. விஷப் புகையும் சாம்பலும் புல்வெளிகளில் படிந்தன. அந்தப் புல்லைத் தின்ற ஆடுகளில் நூற்றுக்கு எண்பது மாண்டன. மாடுகளிலும் குதிரைகளிலும் ஏறத்தாழப் பாதி போயின. கால்நடை போன பிறகு மனிதன் எதைச் சாப்பிடுவான்? ஐந்தில் ஒருவர் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்தார்கள். 'மூடுபனித் துயரம்' என்று அதற்குப் பெயர். ஐஸ்லாந்துக்காரர்களுக்குப் புல் என்பது நமக்கு நெல் மாதிரி.

ஆகவே புல்லை அறுப்பதற்கும் காப்பதற்கும் அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பழைய நாளில் அவர்களுடைய அரிவாள் சிறியது. கூர் மழுங்கினால் நெருப்பிலிட்டுத் தட்ட வேண்டும். அந்தக் கரிக்காக இருந்த கொஞ்சம் மரங்களையும் வெட்டித் தீர்த்தார்கள். 1880-ல் முதல் விவசாயப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த டோர்ஃபி பியார்னஸன் என்பவர், ஸ்காட்லாந்திலிருந்து நல்ல எஃகு அரிவாளைக் கொண்டு வந்து பரப்பினார். நெருப்பு வேண்டாம், சாணைக் கல்லே போதும். புல்லும் அதிகம் அறுக்க முடிந்தது, மரமும் பிழைத்தது.

அரிவாள் வந்துவிட்டது. வெயிலை எந்தத் தேசத்திலிருந்து கொண்டு வருவது?

அப்பாவின் மூச்சு

"என் அப்பா கோடை முழுவதும் வானத்தைப் பார்த்துக் கொண்டே இருப்பார்" என்று அந்த அம்மாள் சொன்னாள். "மழை வரும் என்று தெரிந்தால், அரைகுறையாகக் காய்ந்த புல்லையே வாரிக் கொட்டகையில் போட வேண்டியதுதான். வேறு வழி?"

அரைகுறையாகக் காய்ந்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள்ளே சூடேறும். பூஞ்சக்காளம் பிடிக்கும். மாரிக் காலத்தில் அதைப் பிரித்து உதறும் போது, கண்ணுக்குத் தெரியாத தூசி புகை போலக் கிளம்பும். மூடிய கொட்டகை, வெளியே பனி, கதவைத் திறக்க முடியாது. குதிரையும் அதைத்தான் சுவாசிக்கும், தீனி போடுகிற மனிதனும் அதைத்தான் சுவாசிப்பான்.

இந்தத் தூசியால் விவசாயிகளுக்கு வரும் மூச்சுத் திணறலுக்கு அவர்கள் பாஷையில் 'ஹேய்மைதி' என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. 'ஹேய்' என்றால் உலர்புல். 'மைதி' என்றால் மூச்சு வாங்குதல். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஸ்வெய்ன் பால்ஸன் என்ற வைத்தியர் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

"அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் அது வந்துவிட்டது" என்றாள் அம்மாள். "பகலில் தீனி போட்டுவிட்டு வருவார். ராத்திரி காய்ச்சலும் இருமலும். படுக்க முடியாது, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். கடைசியில் அவரைக் கொட்டகைக்குள் போகவே விடாமல் நானும் தம்பியும் தீனி போட ஆரம்பித்தோம். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மூக்கில் துணியைக் கட்டிக் கொண்டு போவோம். குதிரைக்கு எந்தத் துணியைக் கட்டுவது?"

குதிரை விஷயத்தில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. நமக்கு மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு விடுகிறோம். குதிரையால் அது முடியாது. அதன் தொண்டையின் அமைப்பு அப்படி. மூக்கு ஒன்றுதான் வழி. அந்த மூக்கைத் தீனிக்குள் புதைத்துக் கொண்டுதான் அது நாளெல்லாம் நிற்கிறது. தூசிப் புல்லைத் தின்னும் குதிரைக்கு நாளடைவில் ஆஸ்துமா வருகிறது. மூச்சை வெளியே விடுவதற்காக வயிற்றை எக்கி எக்கித் தள்ளும். பார்க்கவே பரிதாபமாக இருக்கும். வந்தால் பூரணமாகக் குணமாவதும் இல்லை. தூசியிலிருந்து விலக்கி வைத்துச் சமாளிப்பதுதான் வைத்தியம்.

ஊறுகாய் போடும் வித்தை

1980-களுக்குப் பிறகு, புல்லை உருண்டையாகச் சுருட்டும் இயந்திரமும் அதைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. ஐஸ்லாந்தின் விவசாயமே மாறிவிட்டது. செய்முறையைச் சொல்கிறேன், உங்களுக்குப் புதிதாக இராது.

புல்லை அறுத்துப் போடுகிறார்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வாட விடுகிறார்கள். முழுக்கக் காய வேண்டாம். நன்றாகக் காய்ந்த உலர்புல்லில் நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் ஈரம் இருக்கும். இதில் முப்பது முதல் ஐம்பது வரை இருக்கலாம். அந்தப் பதத்தில் இயந்திரம் புல்லை வாரி, இறுக்கிச் சுருட்டி உருண்டையாக்குகிறது. உடனே இன்னொரு இயந்திரம் நீளும் பிளாஸ்டிக் தாளை ஆறு சுற்றுக்குக் குறையாமல் இழுத்துச் சுற்றுகிறது. அவ்வளவுதான். பிறகு மழை பெய்தால் என்ன, பனி கொட்டினால் என்ன? வயலிலேயே கிடக்கும்.

உள்ளே நடப்பதுதான் வேடிக்கை. புல்லில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள், அடைபட்ட காற்றிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. காற்றில்லாத இடத்தில் பூஞ்சக்காளம் வளராது. புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் கொஞ்சம் வேலை செய்து, லேசான புளிப்பை உண்டாக்கும். நம் இட்லி மாவைப் பொங்க வைக்கும் ஜாதிதான் அவையும்! ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் பதமாக இருக்கும்.

நம் ஊரில் மாட்டுக்காகக் குழியில் போட்டு மூடும் தீவனத்துக்கு 'ஊறுகாய்ப் புல்' என்று பெயர் சொல்லுகிறார்கள். அது ஈரமும் புளிப்பும் அதிகமானது, மாட்டுக்குத்தான் ஏற்றது. ஐஸ்லாந்துக் குதிரைக்குக் கொடுப்பது அதற்கும் உலர்புல்லுக்கும் நடுவே உள்ள பக்குவம். 'ஹேலேஜ்' என்கிறார்கள். நான் ஆவக்காய்க்கும் மாங்காய் வற்றலுக்கும் நடுவே என்று சொல்லுவேன்.

அம்மாள் ஓர் உருண்டையின் தாளைக் கத்தியால் கீறினாள். குப்பென்று ஒரு வாசனை! கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புகையிலை. ஒரு கைப்பிடி எடுத்து உதறிக் காட்டினாள். புல் மெத்தென்று, பச்சை மாறாமல் இருந்தது. தூசி? ஒரு துளி இல்லை.

மென்று தின்னும் பிறவி

"இவ்வளவு சிரமம் எதற்கு? கொள்ளும் ஓட்ஸும் போட்டு வளர்க்கக் கூடாதா?" என்று கேட்டேன். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று படித்த நாட்டுக்காரன் அல்லவா நான்?

அம்மாள் தலையை ஆட்டினாள். குதிரையின் உடம்புக்குத் தக்கபடி இரைப்பை பெரிதல்ல, சிறியது. அதில் ஓயாமல் அமிலம் சுரந்து கொண்டே இருக்கும். வெளியில் திரியும் குதிரை நாளில் பதினாறு மணி நேரம் கூட மேயும். மெல்லும் போதுதான் அதற்கு எச்சில் ஊறும். எச்சில்தான் அமிலத்துக்கு மருந்து. ஒரு கிலோ ஓட்ஸைப் பத்து நிமிஷத்தில் தின்று தீர்த்துவிடும். ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஆகும். மெல்ல வேலை இல்லாத குதிரைக்கு வயிற்றில் புண் வரும். லாயத்து மரக்கட்டையைக் கடிக்க ஆரம்பிக்கும். இன்னொரு விசேஷம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றால் வயிற்று வலி உயிருக்கே உலை வைக்கும்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் பாண்டிய நாட்டு ஞாபகம் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதையும், அவை வந்த சூட்டோடு மாண்டு போவதையும் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு என்ன போட்டார்களாம் தெரியுமா? சோற்றோடு மாமிசத்தை வேக வைத்துப் போட்டார்களாம்! பாவம், அன்பாகத்தான் போட்டிருப்பார்கள். விருந்தாளிக்கு இலை நிறையப் பரிமாறுவது நம் வழக்கமாயிற்றே!

ஆக, எந்த மாற்றுத் தீவனம் ஆனாலும் புல்லாகவே இருக்க வேண்டும், மெல்லவும் வைக்க வேண்டும் என்பது முதல் விதி. ஹேலேஜ் அந்த விதிக்கு உட்பட்டது. இரண்டாவது விதி, அளவு. 350 கிலோ எடையுள்ள ஐஸ்லாந்துக் குதிரைக்கு, ஈரத்தை நீக்கிப் பார்த்தால் தினம் ஐந்தே கால் கிலோ புல் வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். உலர்புல்லானால் ஆறே கால் கிலோ நிறுத்துப் போட்டால் போதும். ஹேலேஜில் தண்ணீரும் சேர்ந்திருப்பதால் எட்டுக் கிலோ போட வேண்டும். இது தெரியாமல் பழைய அளவையே போட்டுக் குதிரையை இளைக்க வைத்தவர்கள் உண்டு.

மூன்றாவது விதி, நிதானம். பழைய தீனியிலிருந்து புதியதற்குப் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். புல்லைச் செரிக்க வைப்பவை குதிரையின் குடலிலுள்ள நுண்ணுயிர்கள். அவை புதுச் சாப்பாட்டுக்குப் பழகிக் கொள்ள வேண்டுமாம். கல்யாணமாகிப் புக்ககம் போன பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

பல்லில்லாப் பாட்டி

லாயத்தின் கோடியில் ஒரு கிழப் பெண்குதிரை நின்று கொண்டிருந்தது. வயது இருபத்தெட்டு. முகமெல்லாம் நரை. மற்றக் குதிரைகளின் முன்னால் ஹேலேஜ். இதன் முன்னால் மட்டும் ஒரு வாளியில் பச்சை நிறக் கூழ்.

"இவளுக்குப் பல் இல்லை" என்றாள் அம்மாள்.

குதிரையின் பல் தேயத் தேய, ஈறிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே வந்து கொண்டே இருக்கும். இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் அந்தச் சேமிப்புத் தீர்ந்துவிடும். பிறகு நீளமான புல் எதையும் அரைக்க முடியாது. மென்று மென்று, உருண்டையாகக் கீழே துப்பிவிடும். புல்வெளியின் நடுவிலேயே பட்டினி கிடக்க வேண்டியதுதான். முற்காலத்தில் அந்த நிலை வந்தால் குதிரையின் கதை முடிந்தது.

இப்போது புல்லை உஷ்ணக் காற்றில் உலர்த்தி, மாவாக்கி, பென்சில் கனத்தில் துண்டுகளாக அழுத்தி விற்கிறார்கள். வேறு நாடுகளில் லூசர்ன் என்ற பயிரையும் இப்படிக் கட்டியாகவும் துண்டாகவும் செய்கிறார்கள். அந்த லூசர்னுக்கு நம் தமிழ்நாட்டில் என்ன பெயர் தெரியுமா? குதிரை மசால்! சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கையும் இப்படிப் பயன்படுகிறது.

இவற்றை அப்படியே கொடுக்கக் கூடாது. அவசரமாக விழுங்கினால் தொண்டைக் குழாயில் ஊதி அடைத்துக் கொள்ளும். இரண்டு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, கூழான பிறகு, நாளுக்கு நாலைந்து வேளையாகக் கொடுக்க வேண்டும். நல்ல பல்லுள்ள குதிரைக்கு இதையே முழுச் சாப்பாடாக்கினால் மெல்ல வேலை இல்லாமல் போய்விடும். பல்லில்லாத பாட்டிக்கோ இது உயிர்.

"பத்து வருஷத்துக்கு முன் ஒரு மழை வருஷத்தில், வெளியில் வாங்கிய உலர்புல்லைப் போட்டதில் இவளுக்கு இருமல் வந்துவிட்டது" என்றாள் அம்மாள். "ராத்திரி அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாளே அந்தப் புல்லை வெளியே எறிந்தேன். அதற்குப் பிறகு இந்த லாயத்துக்குள் உலர்புல் நுழைந்ததில்லை."

காக்கையும் எலியும்

எல்லாம் நன்மைதானா என்று கேட்பீர்கள். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் என்ன ஆகும்? அதே ஆபத்து இங்கேயும் உண்டு. தாளில் சிறு ஓட்டை விழுந்தாலும் காற்றுப் புகுந்து கெட்டுவிடும். ஐஸ்லாந்தின் அண்டங்காக்கைகளுக்கு இந்தத் தாளைக் கொத்துவதில் அப்படி ஓர் ஆனந்தம்! மாடியில் வடாம் காய வைத்து, கையில் குச்சியோடு காவல் இருந்த அனுபவம் உள்ளவர்கள் அந்த அம்மாளின் கஷ்டத்தை உணர்வார்கள். ஓட்டை கண்டால் உடனே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். மண் கலந்தாலோ, புல்லோடு செத்த எலி சிக்கிக் கொண்டாலோ இன்னும் மோசம். காற்றில்லாத இடத்தில் ஒரு கொடிய நஞ்சு உற்பத்தியாகும். குதிரைக்கு அது சொற்ப அளவே போதும். கைகால் விழுந்து இறந்துவிடும். பிரித்த உருண்டையையும் சில நாளில் தீர்த்துவிட வேண்டும். சந்தேகமாக வாசனை வந்தால், விலையைப் பாராமல் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் தாள் மலை போலச் சேருவதும் ஒரு தலைவலி. காற்றில் பறந்து வேலிகளில் தொங்குகிறது. சேகரித்து மறு உபயோகத்துக்கு அனுப்புகிறார்கள். அப்படியும் பிரச்னை தீர்ந்தபாடில்லை.

ரோஜா நிற உருண்டைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே! மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பெண்கள் விழிப்போடு இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நிறத் தாள் விற்கிறார்கள். விலையில் ஒரு பகுதி அந்த நற்பணிக்குப் போகிறது. நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படுகிறது அல்லவா?

சத்தமில்லாத இரவு

நான் போயிருந்தது செப்டம்பர் கடைசி. கோடை முழுவதும் மலையில் விட்டிருந்த குதிரைகளைக் கூட்டம் கூட்டமாகக் கீழே ஓட்டி வரும் காலம். வட்டமான பெரிய பட்டியில் அடைத்து, அவரவர் குதிரையை அடையாளம் கண்டு பிரித்துக் கொள்கிறார்கள். அன்று ஊரே பாட்டும் கூத்துமாக இருந்தது.

இரவு எல்லாரும் ஓய்ந்த பிறகு, அம்மாளோடு மறுபடி லாயத்துக்குப் போனேன். கூட்டம் ஓட்டப் போன குதிரைகள் களைத்து நின்று, நிதானமாக ஹேலேஜை மென்று கொண்டிருந்தன. கறுமுறு கறுமுறு என்ற அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அம்மாள் ஒரு தூணில் சாய்ந்து கொண்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டுக் கொண்டிருந்தாள்.

"சின்ன வயதில் இந்த வீட்டில் ராத்திரி இருமல் சத்தம் கேட்டுக் கொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளே அப்பா, கொட்டகையில் குதிரைகள்" என்றாள். "இந்த இயந்திரமெல்லாம் அப்பா காலத்தில் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக் கொள்வேன்."

கோடியில் நின்ற கிழக் குதிரை வாளியை நக்கித் துடைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் உண்டா என்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

இதுவரையில் கேட்டுக் கொண்டிருந்த என் அத்தை, முந்தானையால் கண்ணை ஒற்றிக் கொண்டாள். பிறகு மாவடு ஜாடியை எடுத்து, வாய்ப்புறத்தைத் துணியால் துடைத்து, மூடியை இறுக்கித் திருகினாள்.

"கல்லும் மண்ணும் கலக்கக் கூடாது, காற்றுப் புகக் கூடாது, காக்கைக்குக் காவல் இருக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமே இல்லை போலிருக்கிறதே!" என்றாள்.